தொட்டி கழுவும் மீன் உண்டா?



போன மாதம் உடன்குடி பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உள்கடன் வாங்கி வண்ண மீன் வளர்க்கும் ஒரு அக்கா வருத்தப்பட்டுச் சொன்னார்: "டேங்க் கிளீனர் மீனு ரெண்டு விட்டா தொட்டியே கழுவ வேண்டாம்னாங்க. அதை நம்பி தண்ணி மாத்தாம விட்டுட்டேன். இருபது மோலி செத்துப் போச்சு." அடுத்த தவணைக்கு அவர் நம்பியிருந்ததே அந்த மோலிகளைத்தான்.

டேங்க் கிளீனர், சக்கர் என்று கடையில் விற்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்த கெளுத்தி இன மீன். வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். பாபநாசம் பக்கம் ஆற்றுப் பாறைகளிலும் இப்படிப் பாசி சுரண்டும் மீன்கள் உண்டு. கோரி என்கிற சின்னக் கெளுத்தி, தரையில் விழுந்த மிச்சத் தீனியைத் தின்னும். இதுவரைக்கும் கடைக்காரர் சொல்வது சரிதான். ஆனால் மற்ற மீனின் கழிவை இவை தின்று தீர்ப்பதில்லை. தின்ற பாசியும் தீனியும் இவற்றின் கழிவாகி அதே தண்ணீரில்தான் சேருகிறது. வீடு கூட்ட வந்த ஆளே குப்பை போட்ட கதைதான்!

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஃபில்டர் பஞ்சில் வளரும் நல்ல பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு கெடுதல் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். அந்த நைட்ரேட் சேரச் சேர, தண்ணீர் மாற்றித்தான் ஆகணும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை, அடியில் கிடக்கும் கழிவோடு டியூப் வைத்து எடுத்துவிடுங்க. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்க. பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசணும். குழாயடியில் கழுவினால் அந்த பாக்டீரியா செத்துடும். தீனி, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். பாசி மண்டினால் வெயில் நேரே படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்க.

கடலோரம் என்பதால் நம்ம பக்கம் பல வீட்டு போர் தண்ணீர் உப்பு. மோலி அதைத் தாங்கும், கோரி தாங்காது. அதை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

சக்கர் விஷயத்தில் இன்னொன்று. விரல் நீளத்தில் வாங்குவது ஒன்றரை அடி வரை வளரும். பசித்தால் பக்கத்து மீன் உடம்பின் வழுவழுப்பையும் உறிஞ்சும். அப்புறம், "உயிரைக் கொல்ல மனசில்லை" என்று குளத்தில் விட்டுடுறோம். சென்னைப் பக்கத்து ஏரிகளில் இப்படித்தான் பெருகிப்போச்சு. கரை மண்ணைத் தோண்டி முட்டையிடும், முள்ளால் வலையைக் கிழிக்கும், சந்தையில் விலை போகாது. கடம்பாகுளம், சடையநேரி எல்லாம் தாமிரபரணித் தண்ணீர் வந்து நிறையும் குளங்கள். அதில் விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

வளர்ந்துவிட்டால் கடையிலேயே திருப்பிக் கேளுங்க. அந்த அக்காவிடம் பாதி விலைக்கு வாங்கிக்கிட்டாங்க.