கணையத்துக்கு எந்தச் சோதனை?

ரத்தத்தில் அமைலேஸ், லைபேஸ் என்ற நொதிகள் நார்மலாக இருந்தால், கணையம் நன்றாக இருக்கிறது என்று பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்த நிம்மதி சில நேரம் ஆபத்தானது. கணையத்தில் காயம் உண்டா என்பது ஒரு கேள்வி. சாப்பாடு செரிக்கப் போதுமான நொதி அதில் சுரக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் சோதனைகள் வேறு.

ரத்தத்தில் அமைலேஸ், லைபேஸ்

மேல்வயிற்றில் திடீரெனக் கடும் வலி வந்து, முதுகுவரை பரவி, வாந்தியும் சேர்ந்தால் உடனே செய்ய வேண்டியது இது. அளவு நார்மல் உச்சத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் கணைய அழற்சி என்று சந்தேகிக்கலாம். இரண்டில் ஒன்றுதான் என்றால் லைபேஸ் நல்லது. அமைலேஸ் சில நாட்களில் இறங்கிவிடும். உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கினாலும் ஏறும். நாள்பட்ட அழற்சியில் கணையம் சிதைந்துபோன பிறகும் இரண்டும் நார்மலாகவே இருக்கலாம். ஆகவே சுரக்கும் திறனை இவற்றைக் கொண்டு எடைபோட முடியாது.

மலத்தில் எலாஸ்டேஸ்

சுரக்கும் திறனை அறிய முதலில் கேட்க வேண்டிய சோதனை இதுதான். கணையத்தில் சுரக்கும் எலாஸ்டேஸ் நொதி குடலில் பெரிதாகச் சிதையாமல் மலத்தோடு வெளியேறும். சிறிதளவு மலம் ஒரு தடவை கொடுத்தால் போதும், பத்தியம் வேண்டாம். மனித எலாஸ்டேஸை மட்டும் கண்டறியும் முறை என்றால் நொதி மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை. ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் நார்மல், 100-க்குக் கீழே என்றால் பற்றாக்குறை பெரும்பாலும் உறுதி, இடைப்பட்டது சந்தேகம். தண்ணீராகப் போகும் மலத்தில் நொதி நீர்த்து, அளவு பொய்யாகக் குறையும். அதனால் கெட்டியான மலத்தையே கொடுங்கள். ஆரம்பநிலைக் குறைபாடு இதில் தப்பிவிடலாம்.

மூன்று நாள் மலக் கொழுப்பு

தினமும் 100 கிராம் கொழுப்பு சாப்பிட்டு, 72 மணி நேர மலம் முழுவதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நாளுக்கு 7 கிராமுக்கு மேல் கொழுப்பு போனால் அது உடலில் சேரவில்லை என்று பொருள். குறை கணையத்திலா குடலிலா என்பதை இது சொல்லாது. சிரமமான சோதனை, ஆனால் நொதி மாத்திரை பலன் தருகிறதா என்று பார்க்க உதவும்.

செக்ரெட்டின் சோதனை

செக்ரெட்டின் ஹார்மோன் ஊசி போட்டு, முன்சிறுகுடலில் குழாய் வைத்துக் கணையநீரை எடுத்து அளப்பார்கள். ஆரம்பநிலைக் குறைபாட்டையும் காட்டும். ஆனால் சில பெரிய மையங்களில்தான் வசதி உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது?

திடீர் வலிக்கு லைபேஸ். எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம், எடைக்குறைவு என்றால் எலாஸ்டேஸ். அது நார்மலாக வந்தும் சந்தேகம் தீராவிட்டால் ஸ்கேன், தேவைப்பட்டால் செக்ரெட்டின். கேரளத்திலும் தமிழகத்திலும் மது அருந்தாத இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் உருவாகிச் சர்க்கரை நோய் வருவதுண்டு. மெலிந்த உடல், சர்க்கரை, வயிற்றுவலி மூன்றும் சேர்ந்தவர்கள் எலாஸ்டேஸ் சோதனையை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பற்றாக்குறை உறுதியானால் சாப்பாட்டோடு எடுக்கும் நொதி மாத்திரை இழந்த எடையை மீட்க உதவும்.