சவர்க்கார அச்சுக்கு எந்தப் பலகை?

1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடையாமல், பனம்பழச் சாற்றில் உடுப்புத் தோய்த்தவர்கள் எம்மில் பலர். இன்று லண்டனில் எம்மவர் சிலர் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் கொண்டு வீட்டிலேயே சவர்க்காரம் செய்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குத்தான். ஆனால் அச்சுப் பெட்டியில் கவனம் தேவை.

ஏன் மரம்?
எண்ணெயைச் சவர்க்காரமாக்குவது கோஸ்ரிக் சோடா. இது கடுமையான காரம். அலுமினியத் தட்டில் ஊற்றினால் உலோகத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவை உண்டாக்கும். மரத்தில் அந்த ஆபத்து இல்லை, சூட்டையும் தக்கவைத்திருக்கும்.

உகந்தவை
பூச்சோ மருந்தோ படாத, நன்கு காய்ந்த பைன் பலகை போதும். பிசின் கசியும் கணுக்கள் உள்ள துண்டுகளை ஒதுக்குங்கள். உள்ளே பேக்கிங் பேப்பர் அல்லது சிலிக்கன் உறை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மரம் காரத்தை உறிஞ்சிப் பழுதாகும், சவர்க்காரமும் ஒட்டிக்கொள்ளும்.

தவிர்க்க வேண்டியவை
1. பழைய தோட்டப் பலகை, வேலிப் பலகை: வீட்டுப் பாவனைக்கு 2004இல் கட்டுப்படுத்தப்படும்வரை மரத்துக்கு ஏற்றிய பாதுகாப்பு மருந்துகள் சிலவற்றில் ஆசனிக் இருந்தது.
2. பழைய கதவு, யன்னல்: பூச்சில் ஈயம் இருக்கலாம்.
3. எம்.டி.எவ். பலகை: ஈரத்தில் ஊதிவிடும்.
4. சிவப்பு சீடர் மரம்: இதன் தூள் ஆஸ்துமாவைத் தூண்டும்.

எந்த மரத்தை அரிந்தாலும் முகக்கவசம் அணியுங்கள். வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால் வெளியே வைத்து அரியுங்கள்.

பிள்ளைகள் கவனம்!
அச்சில் ஊற்றிய கலவை பார்வைக்கு மில்க் ரொபி போலவே இருக்கும். ஆனால் முதல் ஓரிரு நாட்களுக்கு அது தோலையும் கண்ணையும் வாயையும் புண்ணாக்கும். ஆகவே பெட்டிக்கு மூடி செய்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கலக்கும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.

காரம் பட்டுவிட்டால், பட்ட உடுப்பைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள், 999ஐ அழையுங்கள். வினாகிரியோ எலுமிச்சம் புளியோ பூசவேண்டாம். விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.

பலகை மலிவாகக் கிடைக்கும். பிள்ளையின் கண் அப்படியல்ல.