நூறு வெள்ளிப்பணக் கடன்

அன்பு மருமகனுக்கு,

மேட்டூர்த் தண்ணீர் கடைமடைவரை வந்துவிட்டது, நடவும் முடிந்தது.

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து என் மனசு சரியில்லை. சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில் உன் மனைவியின் தாய்வீட்டைக் குறைவாகப் பேசியிருக்கிறாய். மூன்று நாளாக அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “சின்ன விஷயம் அத்தை, வேதம் வாசிக்கிற பெண்ணுக்கு மன்னிக்கத் தெரியவேண்டாமா?” என்று என்னிடம் கேட்கிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. ஏழெழுபது தரம் மன்னிக்கவேண்டும் என்பதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். அதை அடுத்து வரும் உவமையில்தான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். ராஜாவுக்கு 10,000 தாலந்து கடன்பட்டவனுக்கு மொத்தமும் தள்ளுபடி ஆகிறது. வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. அப்படிப் பார்த்தால் ராஜாவுக்குத் தரவேண்டியது 6 கோடி நாள் கூலி. எந்த மனுஷனாலும் அடைக்க முடியாத கடன் அது. ஆனால் மற்றக் கடனும் அற்பமில்லை, தம்பி. நூறு நாள் கூலி என்றால் நம் ஊரில் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, கதிரறுத்து ஒரு பெண் இடுப்பொடியச் சேர்க்கிற காசு. ஆண்டவர் அதை ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. அந்தக் கடன் நிஜம், அதையும் விட்டுக்கொடு என்கிறார்.

உன் வார்த்தை அவளுக்கு அப்படிப்பட்ட கடன். அதைச் சின்னது என்று சொல்லும் உரிமை கடன்பட்ட உனக்குக் கிடையாது. மன்னிப்பது அவள் கையில். கேட்பது உன் கையில்.

நம் வீடுகளில் மன்னிப்பைப் பெண்களின் வேலையாக ஒதுக்கிவிட்டார்கள். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் என்ன இருக்கிறது? காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்கு, இன்னொருவருக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகவேண்டும். நோகடித்தவனைத்தான் முதலில் நடக்கச் சொல்கிறார்.

உன் மாமா அதிகம் பேசாத மனுஷர். ராத்திரி குடும்ப ஜெபத்தில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, மன்னிப்பு கேட்கும் வரி வருமுன் சில நாள் நிறுத்திவிடுவார். பிள்ளைகள் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். “மத்தியானம் குழம்பு விஷயத்தில் உங்கம்மாவிடம் கத்தினது தப்பு” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடருவார். பிள்ளைகள் முன்னால் கத்தியதற்குப் பிள்ளைகள் முன்னாலேயே மன்னிப்பு. அதற்குப் பிறகு எனக்குக் கோபம் தங்கியதில்லை. நீயும் யார் முன்னால் பேசினாயோ அவர்களிடம் ஒரு போன் போட்டு, நான் பேசியது தப்பு என்று சொல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாளைக்கு நீயே சபையில் நாலு பேருக்குப் புத்தி சொல்லும் இடத்தில் இருப்பாய். 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறு பையன்களையும் வண்டியோடு எரித்தார்கள். எரித்தவர்களை மன்னித்துவிட்டேன் என்றார் அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மா. ஆனாலும் வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மன்னிப்பும் நியாயமும் சேர்ந்தே போகலாம். அதனால், அடிக்கிற புருஷனை மன்னித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே கிட என்று எந்தப் பெண்ணுக்கும் வசனம் காட்டாதே. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்காகத்தான் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யச் சொல்.

உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு வருவது அன்றாட மனத்தாங்கல். உன் அப்பா தினமும் காலையில் மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி வருவது நண்டு வளை பார்க்கத்தான். பார்த்த அன்றே ஒரு கை சேற்றை வைத்து மிதித்தால் அடைபட்டுவிடும். விட்டால், நாலாம் நாள் வயலில் தண்ணீர் நிற்காது. உங்களுக்கு மூன்று நாள் ஆகிவிட்டது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயத்தில், நானூறு பேர் முன்னால் உரக்கக் கல்யாண உறுதிமொழி சொன்னவன் நீ. இன்றைக்கு ஒரே ஒருத்தி முன்னால், நான் பேசியது தப்பு என்று சொல்லவேண்டியிருக்கிறது. “ஆனால்” போடாமல் சொல். அவள் உடனே சிரிக்காவிட்டால் பொறுத்திரு. ராத்திரி ஜெபத்துக்கு உட்காருமுன் பேசிவிடு, தம்பி.

அன்புடன்,
அத்தை