வேலூர்க் கோட்டையும் நவாயத் மரபின் வாரிசுரிமைப் பூசலும்

ஆர்க்காட்டை ஆண்ட நவாயத்துகள், அரபு நாட்டிலிருந்து மேலைக் கடற்கரையில் வந்து குடியேறியோரின் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர்கள். இம்மரபின் வீழ்ச்சிக்கு மராத்தியர் படையெடுப்பும் ஐரோப்பியர் தலையீடுமே முதற்காரணங்களாகப் பெரிதும் சுட்டப்படுகின்றன. குடும்பத்துக்குள் பட்டம் ஒருவருக்கும் வலிய கோட்டை மற்றொருவருக்கும் எனப் பிரிந்தமையே பூசலின் வேர் என இக்கட்டுரை கருதுகிறது.

நவாபு, சுல்தான் அல்லர். முகலாயப் பேரரசின் அலுவலர். தக்காணத்தில் நிஜாமின் அதிகாரம் நிலைபெற்றபின் அவரது ஒப்புதலை வேண்டி நின்றவர். அப்பதவிக்கு வாரிசுரிமை முறைப்படி கிடையாது. ஆயினும் 1710 முதல் நவாபாக இருந்த சாதத்துல்லா கான், மக்கட்பேறு இன்மையால் உடன்பிறந்தார் மகன் தோஸ்த் அலியைத் தம் வாரிசாக்கினார். தோஸ்த் அலியின் உடன்பிறந்தாரான பாகிர் அலியின் குடும்பத்திடம் வேலூர் இருந்தது. அகன்ற அகழியும் கருங்கல் மதிலும் கொண்ட வேலூருக்கு ஆர்க்காட்டுக் கோட்டை ஈடாகாது. பட்டம் வலுவற்ற இடத்திலும் வலிமை பட்டமற்ற கிளையிடமும் தங்கின.

மூத்த மகன் உரிமை உறுதிப்படாத அரபு அரச குடும்பங்களில் பிளவு புதிதன்று. 1856இல் ஓமன் சுல்தான் சயீத் மறைந்தபின் மஸ்கட்டு ஒரு மகனிடமும் சான்சிபார் மற்றொரு மகனிடமும் சென்றன. ஆங்கு நாடே இரண்டாயிற்று. ஆர்க்காட்டில் நவாபுப் பதவியைப் பங்கிட வழியில்லை.

1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் மராத்தியரோடு பொருது தோஸ்த் அலி மாண்டார். அவர் மகன் சப்தர் அலி வேலூரில் அடைக்கலம் புகுந்தார்; பெருந்தொகை தருவதாக ஒப்பி மராத்தியரைத் திருப்பினார். அத்தொகைக்கான பங்கைக் கேட்டபோது, பாகிர் அலியின் மகனும் சப்தர் அலியின் சகோதரியை மணந்தவருமான முர்தசா அலி உடன்படவில்லை. 1742 அக்டோபரில் வேலூரிலேயே சப்தர் அலி கொல்லப்பட்டார். ஆர்க்காடு சென்று நவாபாக அறிவித்துக்கொண்ட முர்தசா அலியைப் படைவீரர்களின் சம்பளப் பாக்கி விரட்டியது. அவர் மீண்டும் வேலூர் மதிலுக்குள் ஒடுங்கினார்.

1744இல் சப்தர் அலியின் இளமைந்தன் ஆர்க்காட்டுத் திருமண விழாவொன்றில் குத்திக் கொல்லப்பட்டபோது, முர்தசா அலி மீதும் சிறுவனின் காப்பாளராக நிஜாம் அமர்த்திய அன்வருத்தீன் மீதும் ஐயம் எழுந்தது. இதில் சான்றுகளின் சார்பு கருதத்தக்கது. புர்ஹான் கானின் 'துசுக்-இ-வாலாஜாஹி' அன்வருத்தீன் மகனின் அவையில் எழுந்த நூல். அன்வருத்தீனைக் குற்றமற்றவராகக் கொள்ள அது மட்டும் போதாது. அவர் பயன்பெற்றார் என்பதும் குற்றத்துக்குச் சான்றாகாது. பாரசீக நூல்களோடு ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பையும் ஒப்பிட்டுக் காணும் பணி தமிழாய்வுக்கு உரியது.

தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிபு பிரெஞ்சுத் துணையுடன் மீண்டார். இன்று தோல் தொழிலால் அறியப்படும் ஆம்பூரில், 1749 ஆகஸ்டு 3 அன்று அன்வருத்தீன் வீழ்ந்தார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். 1752இல் சந்தா சாகிபும் கொல்லப்பட்டார். கொலையின்வழி பட்டம் பெற்றுச் சில நாள்களிலேயே அதை இழந்த முர்தசா அலியோ, 1760களின் தொடக்கத்தில் முகம்மது அலி ஆங்கிலேயர் துணையுடன் முற்றுகையிடும்வரை வேலூரைக் கைவிடவில்லை.