செயற்கை நுண்ணறிவும் கிராமத்து நல்லுறவும்

கிராம ஆட்சி என்பது பெரும்பாலும் பேச்சினாலும் கடிதத்தினாலும் நடைபெறுவது. குறையைச் சொல்பவர் ஒருவர். அதைக் கேட்பவர் ஒருவர். என்ன செய்யப்பட்டது என்று திரும்ப வந்து சொல்பவர் ஒருவர். இம்மூன்றும் ஒழுங்காக நடக்கும் ஊரில், நிதி குறைவாக இருந்தாலும் மனக்கசப்பு மிகுவதில்லை. இவற்றுள் ஒன்று பழுதுபட்டால், சாலையும் தெருவிளக்கும் வந்த பின்னும் ஊராட்சியின் மீது நம்பிக்கை வளர்வதில்லை.

சில ஆண்டுகளாக இந்தப் பேச்சுக்கும் கடிதத்துக்கும் நடுவே ஒரு புதிய கருவி வந்து சேர்ந்திருக்கிறது. அதுவே செயற்கை நுண்ணறிவு. அதனை எவ்வளவு தூரம் உபயோகிக்கலாம், எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் இயல்பு

2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் உரையாடல் கருவி பொதுமக்களின் உபயோகத்துக்கு வெளியிடப்பட்டது. அதன் பின் இத்தகைய கருவிகள் பல வந்துள்ளன. கைப்பேசி வைத்திருப்பவர் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விடை பெறலாம். மனிதர் எழுதிய ஏராளமான எழுத்துக்களைக் கொண்டு, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது இயல்பு என்பதைக் கணிப்பொறிக்குப் பழக்குகிறார்கள். அப்பழக்கத்தைக் கொண்டு அது சொற்களைக் கோத்து விடை தருகிறது. ஆகவே வாக்கியம் செம்மையாக இருக்கும். ஆனால் அது நம் ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்ததில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் உறுதியாகச் சொல்லிவிடுவதும் உண்டு.

இத்தகைய பேச்சில் மனித மனம் எளிதில் மயங்கும் என்பது பழைய செய்தி. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்பதற்கு மேல் அதற்கு அதிகம் தெரியாது. அவர் அதை உருவாக்கியதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் சிறிது நேரம் உரையாடிய பின், தனிமையில் பேச வேண்டும் என்று அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். இதனால் கவலை கொண்ட வைசன்பாம், இயந்திரத்திடம் ஒப்படைக்கத் தகாத காரியங்கள் உண்டு என்று 1976-இல் வெளியிட்ட நூலில் எச்சரித்தார்.

எழுதுபவரும் சொல்பவரும்

எழுத்தறிவில்லாதவர்கள் பிறரைக் கொண்டு கடிதம் எழுதுவித்த வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. தாய் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவர் எழுதுவார்; முடிந்ததும் வாசித்துக் காட்டுவார். "பசு கன்று போட்டதையும் சேர்த்து எழுதப்பா" என்பாள் தாய். எழுதிய கை பிறருடையது. சொன்ன செய்தி தாயினுடையது. வெளியூரில் இருந்த மகன் அதைத் தாயின் கடிதமாகவே பெற்றுக் கொண்டான். அதில் பொய்ம்மை எதுவும் இல்லை.

செயற்கை நுண்ணறிவையும் இவ்வாறு எழுத்தராக வைத்துக் கொள்வதில் தீங்கில்லை. எழுதப் பழக்கமில்லாத உழவர் ஒருவர் தம் குறையைக் கைப்பேசியிடம் வாயால் சொல்லி, அதை மனுவாக ஆக்கிக் கொள்வது நன்மையே. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. சொல்ல வேண்டிய செய்தி நம்மிடமிருந்தே வர வேண்டும். எழுதியதை வாசித்தோ, வாசிக்கக் கேட்டோ, "ஆம், நான் சொன்னது இதுவே" என்று ஒப்புக் கொள்ள வேண்டும்.

மனுவும் மறுமொழியும்

"எங்கள் ஊரில் குடிநீர்க் கஷ்டம், மனு எழுதித் தா" என்று மட்டும் கேட்டால், கடுந்தட்டுப்பாடு, சொல்லொணாத் துயரம், போர்க்கால நடவடிக்கை என்றெல்லாம் ஒரு பக்கத்துக்குக் கருவி எழுதித் தரும். எந்தக் குழாய், எத்தனை நாட்களாக, எத்தனை வீடுகளுக்கு என்பது அதில் இராது. "பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே உள்ள அடிபம்பு பழுதாகி 12 நாள் ஆகிறது, 20 வீட்டுக்காரர்கள் வாய்க்காலைத் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுக்கிறோம்" என்று எழுத்துப் பிழையுடன் வரும் இரண்டு வரிகள் அதைக் காட்டிலும் பன்மடங்கு பயன் தரும். படிப்பவருக்கு, பழுது பார்ப்பவரை எங்கே அனுப்புவது என்பது உடனே விளங்குகிறது. ஒரே நடையில் 50 மனுக்கள் வந்து குவியுமானால், அவற்றுள் எது அவசரமானது என்று பிரித்தறிவது அரிதாகிவிடும். அதனால் நஷ்டமடைபவர் உண்மையான கஷ்டத்தில் இருப்பவரே.

மறுமொழி எழுதுவோருக்கும் இது பொருந்தும். மனுவைப் படிக்காமலே, கருவியைக் கொண்டு, "தங்கள் வேதனையை முழுமையாக உணர்கிறோம்" என்று எழுதி அனுப்புவது எளிது. அதைப் பெறும் மூதாட்டி, யாரோ ஒருவர் தம் வேதனையை உணர்ந்தார் என்று நம்புகிறாள். உணர்ந்தவர் எவரும் இல்லை. மனு தீராமற் போவதைவிட இது பெரிய தவறு. மறுமொழியில் இருக்க வேண்டியவை நான்கு: நேரில் பார்த்தவர் யார், கண்டது என்ன, செய்யப்போவது எப்போது, இயலாதெனில் காரணம் யாது. இவை இருந்தால் மறுமொழி மூன்றே வரியாக இருந்தாலும் போதும்.

கிராம சபை நடவடிக்கைக் குறிப்பு

மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'சபாசார்' என்னும் கருவியைத் தொடங்கியது. கிராம சபையின் ஒலி, ஒளிப் பதிவுகளிலிருந்து நடவடிக்கைக் குறிப்பைத் தயாரித்துத் தருவது அதன் வேலை. எழுதும் பளு குறைவதால் செயலாளர் சபையைக் கவனிக்கலாம், இது வரவேற்கத்தக்கதே.

ஆயினும், பின்வரிசையில் தயங்கித் தயங்கிப் பேசும் பெண்ணின் குரல் பதிவில் தெளிவாக விழாமல் போகலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் கருத்து விடுபடலாம். விடுபட்டதைப் பதிவு எடுத்துச் சொல்லாது. சபையில் இருந்தவர்களே சொல்ல முடியும். ஆகவே எக்கருவியைக் கொண்டு குறிப்புத் தயாரித்தாலும், கையொப்பம் இடுவதற்கு முன் அதனைச் சபையினருக்கு உரக்க வாசித்துக் காட்டுதல் இன்றியமையாதது. "அம்மா, நீங்கள் சொன்னது இதில் சரியாக இருக்கிறதா?" என்று பேசியவரைக் கேட்கவும் வேண்டும்.

வானொலி கற்பித்த பாடம்

இயந்திரத்தின் குரலைக் கிராமம் எவ்வாறு தனதாக்கிக் கொள்ளலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1956-ஆம் ஆண்டில், யுனெஸ்கோவின் ஆதரவில், அன்றைய பம்பாய் ராஜ்யத்தில் 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை ஒலிபரப்பு. மொத்தம் 20 நிகழ்ச்சிகள். மன்றத்தினர் கூடியிருந்து கேட்டனர், கேட்டதை விவாதித்தனர், ஐயங்களை நிலையத்துக்கு எழுதினர், அவற்றுக்குப் பின்னர் விடை ஒலிபரப்பப்பட்டது. வானொலி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களைக் காட்டிலும், மன்றம் இருந்த கிராமத்தினர் மிகுதியாக அறிந்து கொண்டனர் என்பது ஆய்வில் தெரிய வந்தது. இரு வகைக் கிராமங்களிலும் வானொலி இருந்தது. கூடிப் பேசியதே வேறுபாட்டை உண்டாக்கிற்று.

பயிரில் கண்ட நோய்க்குக் கைப்பேசி ஒரு மருந்தின் பெயரைச் சொன்னால், உடனே வாங்கித் தெளித்துவிடாமல், நோய் கண்ட இலையை எடுத்துக் கொண்டு பக்கத்து வயல்காரரிடமும் உதவி வேளாண்மை அலுவலரிடமும் காட்ட வேண்டும். 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கேட்கலாம். இதனால் தவறான மருந்துக்குச் செலவிடும் பணம் மிச்சமாவதோடு, பக்கத்து வயலுடன் பேச்சும் தொடர்கிறது.

நேரிலேயே செய்ய வேண்டியவை

துக்கம் விசாரித்தல், பயிர் அழிந்தவரைப் பார்த்தல், இரு குடும்பத்தாரிடையே சமாதானம் பேசுதல், பயனாளிப் பட்டியலில் பெயர் இல்லை என்று ஒருவரிடம் சொல்லுதல் ஆகியவற்றை எக்கருவியிடமும் விடலாகாது. இறப்பு நேர்ந்த வீட்டுக்குக் கருவி எழுதிய இரங்கலைக் கைப்பேசியில் அனுப்பினால், சொற்கள் அழகாக இருக்கும். ஆனால் அவ்வீட்டுத் திண்ணையில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தவரையே அக்குடும்பம் நினைவில் வைத்திருக்கும். கருவி நமக்கு மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை இத்தகைய காரியங்களுக்குச் செலவிட்டால், அக்கருவியால் ஊருக்கு உண்மையான லாபம் உண்டு.

நடைமுறை விதிகள்

1. செய்தியை முதலில் நாம் சொல்லுவோம். கருவி அதை ஒழுங்குபடுத்தட்டும்.

2. வாசித்துப் பாராத எதிலும் கையொப்பம் இட வேண்டாம்.

3. அறிவிப்பையோ குரலையோ கருவி தயாரித்திருந்தால், அதை மறைக்காமல் சொல்லுவோம்.

4. பிறருடைய ஆதார் எண், நோய், கடன் முதலிய விவரங்களைக் கருவிக்குக் கொடுக்க வேண்டாம்.

5. ஒவ்வொரு மறுமொழியிலும் பொறுப்பாளர் ஒருவரின் பெயர் இருக்கட்டும். கேள்வி எழுந்தால் அவர் நேரில் விடை சொல்ல வேண்டும்.

மன்றங்களில் விவாதிக்க வினாக்கள்

அ. கடந்த மூன்று மாதங்களில் நம் ஊராட்சி அனுப்பிய மறுமொழிகளுள், நேரில் பார்த்து எழுதியவை எத்தனை?

ஆ. கிராம சபையில் பேசியும் குறிப்பில் இடம்பெறாத கருத்து ஏதேனும் உண்டா? யாருடையது?

இ. நம் ஊரில் கைப்பேசி இல்லாதவர் யார் யார்? அவர்களிடம் செய்தி சொல்லும் பொறுப்பு யாருடையது?

மூன்றாவது வினாவுக்கு விடையாகப் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, வீதிக்கு ஓர் உறுப்பினர் எனப் பொறுப்பை அடுத்த கூட்டத்திலேயே பிரித்துக் கொள்ளுதல் நலம்.