முதலில் திருப்பி எடுத்துப் பாருங்கள்

கேள்வி: ஒரகடத்தில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். 40 விர்ச்சுவல் மெஷின்கள். எந்த பேக்கப் மென்பொருள் வாங்கலாம்?
– வாசகர், திருமுக்கூடல்

பதில்: உங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, வைத்தியருக்கான ஊதியம், இருப்பில் வைத்த மருந்துகள் என எல்லாம் கல்லில் இருக்கிறது. கல்லே ஆனாலும் தொல்லியல் துறை மைப்படி எடுத்து, 'எபிகிராபியா இண்டிகா'விலும் அச்சிட்டது. மூலம் ஓரிடம், நகல் வேறிடம்; பேக்கப்புக்கும் இதுவே விதி.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பாதீர்கள். அது மெஷின் இருக்கும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் அரசு தரவு மையம் தீப்பிடித்தபோது, வெளியே நகல் இல்லாத 858 டெராபைட் அரசுக் கோப்புகள் அழிந்தன.

பிராட்காம் கைக்குப் போனபின், விர்ச்சுவல் மெஷின் தளமான விஎம்வேர் சந்தா முறைக்கு மாறிவிட்டது. நாளை நீங்களும் வேறு தளத்துக்கு மாற நேரலாம். அதனால் பல தளங்களுக்கும் ஒத்துவரும் வீம் போன்ற பேக்கப் மென்பொருளே என் தேர்வு. உங்கள் மெஷின்கள் முழுக்க பிராக்ஸ்மாக்ஸ் தளத்தில் இருந்தால் அதன் சொந்த பேக்கப் சர்வரே போதும். எதை வாங்கினாலும் ஒரு நகலாவது ரான்சம்வேரால் அழிக்க முடியாதபடி பூட்டியிருக்க வேண்டும்.

பணம் கட்டுமுன், சோதனைப் பதிப்பில் உங்கள் டேட்டாபேஸ் மெஷினைத் தனி நெட்வொர்க்கில் மீட்டு, கணக்குப் பிரிவு ஊழியரை லாகின் செய்யச் சொல்லுங்கள். நேற்றைய பில் திரையில் வந்தால் வாங்குங்கள்.