அபாய மணியும் வீட்டு மின் கம்பியும்

வெண்ணந்தூர் வட்டாரத்தில் நெசவாளரின் வீடு குடியிருக்கும் இடம் மட்டுமன்று. பல இடங்களில் தொழிற்கூடமும் நூல் கிடங்கும் அதுவேயாகும். மேட்டூர் அணையில் 1937-ஆம் ஆண்டில் மின் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் படிப்படியாகச் சேலம் பகுதிக் கிராமங்களை அடைந்த மின்சாரம், இன்று விளக்கையும் விசைத்தறியையும் ஒருங்கே இயக்குகின்றது. அண்மைக் காலமாகத் திருட்டையும் தீயையும் அறிவிக்கும் அபாய மணிகளும் கிடங்குகளில் இடம்பெறலாயின. இம்மணியின் கம்பிகளை எவ்வாறு இழுக்க வேண்டும் என்பதே இம்மாதப் பாடம்.

ஒரு சங்கத்தின் கிடங்கைத் தணிக்கை செய்யச் சென்றபோது நாம் கண்டதைக் கூறுவோம். பக்கத்துக் கொட்டகையில் தறி மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அங்கு அபாய மணி தானே ஒலித்தது. தொல்லை பொறுக்காத காவலர் அதனை நிறுத்தியே வைத்திருந்தார். காரணம் யாதெனில், செலவைக் குறைக்கக் கருதி, மணிக் கம்பியையும் மின் கம்பியையும் ஒரே பைப்பில் நுழைத்திருந்தனர். பைப்பைத் திறந்து பார்த்தபோது இரு கம்பிகளின் உறையையும் எலி கடித்திருந்தது. கம்பிகள் ஒன்றையொன்று தொடாதிருந்தது நற்பேறே.

தொட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அபாய மணி பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குவது. வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். ஏறத்தாழப் பத்தொன்பது மடங்கு. மும்முனை இணைப்பில் இரு முனைகளுக்கிடையே 415 வோல்ட் உண்டு. மணிக் கம்பியின் மெல்லிய உறை இவ்வழுத்தத்தைத் தாங்குவதற்கென அமைந்ததன்று. மின்சாரம் அதிற் பாய்ந்தால், கதவருகேயுள்ள உலோகப் பொத்தானைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. பஞ்சுத் தூசு படிந்த இடத்தில் ஒரு பொறியும் தீயாகலாம்.

தொடாமலே விளையும் தீங்கும் உண்டு. இரு கம்பிகள் நெடுந்தூரம் அடுத்தடுத்துச் செல்லின், மின் கம்பியில் ஏற்படும் மாறுதல் மணிக் கம்பியிலும் சிறு மின் தூண்டலை உண்டாக்கும். மோட்டார் புறப்படும்போது இது மிகும். மேற்கூறிய கிடங்கில் மணி பொய்யாக ஒலித்தது இதனாலேயே. பொய்யாக ஒலிக்கும் மணியை எவரும் நம்பார்; மெய்யான அபாயத்தின்போது அது பயன்படாது.

ஆகவே அங்கத்தினர்கள் கைக்கொள்ள வேண்டியவை:

1. மணிக் கம்பிக்குத் தனிப் பைப், தனிப் பெட்டி, சுவரில் தனித் துளை வேண்டும். சுவிட்சுப் பெட்டியின் வழியே அதனைக் கொண்டுசெல்லலாகாது.

2. இரண்டுக்கும் இடையே குறைந்தது 50 மில்லி மீட்டர், அதாவது இரண்டு அங்குலம், இடைவெளி விடுக. மோட்டார் கம்பியருகே நெடுந்தூரம் செல்வதாயின் ஓர் அடியேனும் விடுதல் நன்று.

3. ஒன்றையொன்று கடக்க நேரிட்டால், செங்குத்தாகக் கடக்கச் செய்க.

4. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை ஆகியவை மின் கம்பிகளுக்கு உரிய நிறங்கள். மணிக்கு வேறு நிறம் தேர்ந்து, அடையாளச் சீட்டு ஒட்டுக.

5. மின்சாரத்திலிருந்து மணிக்கு விசை எடுப்பதாயின், இரு சுற்றுகளும் தனித்தனியே அமைந்த பாதுகாப்பு டிரான்ஸ்பார்மரையே உபயோகிக்கவும்.

6. பாட்டரியின் முனையை ஒட்டியே பியூஸ் பொருத்துக. 12 வோல்ட் அதிர்ச்சி தராவிடினும், கம்பிகள் இணைந்துவிட்டால் அவை பழுக்கக் காய்ந்து தீ உண்டாகலாம்.

7. சுவரைத் துளைக்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்துக. மின் கம்பியில் கை வைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளரிடமே விடுக.

இவற்றுடன், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும், நல்ல எர்த் இணைப்பும் இருத்தல் அவசியம். மாதம் ஒருமுறை மணியை ஒலிக்கச் செய்து பார்த்து, தேதியைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

தனிப் பைப்புக்கு ஆகும் செலவு சிறிது. கிடங்கிலுள்ள நூலோ அங்கத்தினர் அனைவரின் பங்குப் பணம். அதனைக் காக்கும் காவலரின் உயிரோ விலை மதிப்பற்றது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திற்கு முன்பே ஒவ்வொரு சங்கமும் தன் கிடங்கின் கம்பிகளைப் பார்வையிடுமாக.